முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம்

என் பெயரை யாராவது சத்தமாகக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது வரை படித்தேன். அப்போதும் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் வாய் திறப்பதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் வீதியில், நடைபாதையில் உட்கார்ந்து துளசி மாலை விற்கிறேன். முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காய் நறுக்கப் போவேன். மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். குவைத்தில் வேலை கிடைக்கும் போலிருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். விசாரிக்க எந்த நாளும் வீட்டுக்குப் போலீஸ் வரலாம் என்று காத்திருந்தோம்.

அந்த வாரம்தான் மாநகராட்சி உத்தரவு வந்தது. இனி நடைபாதையில் யாரும் கடை போடக் கூடாது, மீறினால் கைது. எங்களுக்கு முன்பு கொடுத்த அடையாள அட்டையும் செல்லாதாம்.

எல்லோரும் கூடிப் பேசினோம். என் பக்கத்தில் வளையல் விற்பவள் பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி வருபவள். என்னைவிடச் சின்னவள், பயமில்லாதவள். "ஒளிஞ்சு வித்தா நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. தெரிய உக்காருவோம். வந்து புடிக்கட்டும்" என்றாள். யாரும் ஓடக் கூடாது, கை ஓங்கக் கூடாது, பெயர் கேட்டால் சொந்தப் பெயரையே சொல்ல வேண்டும் என்று முடிவானது. நானும் தலையாட்டினேன். மகளின் பாஸ்போர்ட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பேரில் கேஸ் இருந்தால் மகளுக்குத் தடை வருமா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால்தான் பயம் அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. கூடையோடு ஏறிக்கொண்டேன். யாரும் சத்தம் போடவில்லை. வேன் ஒரு கல்யாண மண்டபத்தின் முன் போய் நின்றது. நான் காய் நறுக்கப் போகும் அதே மண்டபம். மறியல் செய்பவர்களை சாயங்காலம் வரை மண்டபத்தில் வைப்பார்கள் என்று தெரியும். அது இந்த மண்டபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

முன்வாசல் வழியாக நான் அதற்குள் போனதே இல்லை. மற்றவர்கள் முன்பக்கம் இறங்கி வரிசையாக உள்ளே போக, என் கால்கள் பழக்கத்தில் பக்கவாட்டுச் சந்தில் திரும்பிவிட்டன. சமையற்கட்டு வாசலில் கூடையை வைத்து, செருப்பை விட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

"வாங்கம்மா, நல்ல வேளை!" என்றார் மண்டப மேனேஜர். "இத்தனை பேருக்கு சாப்பாடு போடச் சொல்லிட்டாங்க. பரிமாற ஆளே இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். இலைக்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

பின்னால் வந்த பெண் போலீஸ் கேட்டார்: "இவங்க யாரு?"

"நம்ம அம்மாதாங்க மேடம். மண்டபத்து ஆளு."

நான் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் மேஜை போட்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பெயரும் விலாசமும் எழுதினார்கள். நான் சாம்பார் வாளியோடு அந்த மேஜையைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

"பாருங்கடி, அக்கா பரிமாறுது. நாமெல்லாம் மாப்பிள்ள வீட்டுக்காரங்க!" என்று வளையல்காரி சிரித்தாள். "அக்கா, பாயசம் உண்டா?"

இரண்டாவது முறை அவள் இலைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினாள். "பேர் கொடுத்துட்டியாக்கா?"

நான் சாம்பார் ஊற்றக் குனிந்தேன்.

"சரி" என்றாள். இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தாள். "போதும்."

அப்போதுதான் மகள் போன் செய்தாள். "எங்கம்மா இருக்க?"

"மண்டபத்துல."

"இன்னைக்கு முகூர்த்தமே இல்லையே? வீதியில எல்லாரையும் புடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. நீ மாட்டலைல்ல? பேரு ஏதும் எழுதலைல்ல?"

"எழுதல."

"அப்பாடா" என்றாள். அந்தப் பெருமூச்சு வெகுநேரம் என் காதிலேயே இருந்தது.

சாயங்காலம் விடுவிப்பதற்கு முன் பட்டியலை வாசித்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்றார்கள். வளையல்காரிக்கு அடுத்து என் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு யாரோ. நாளைக்கு என் இடத்தில் கூடையை வைத்தால், அது ஒளிந்து வைத்ததாகத்தானே ஆகும் என்று தோன்றியது. மகளின் பெருமூச்சும் கூடவே ஞாபகம் வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் போலீஸ் இருந்த மேஜைக்குப் போனேன்.

"என் பேர எழுதலீங்க மேடம்."

"உங்க பேரு எதுக்கு?"

"நானும் துளசி விக்கிறவதாங்க. வேன்லதான் வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொத்தம் போட்டு முடிச்சாச்சும்மா. பேசாம வீட்டுக்குப் போங்க."

போயிருக்கலாம். அவரே வழி விட்டார். நான் நகராமல் நின்றேன். "எழுதுங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் மொத்தத்தை அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதினார். கதவு எண் வரை கேட்டார்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். கூடையில் மிச்சமிருந்த துளசிக்குத் தண்ணீர் தெளித்தேன்.

அந்த வாரக் கடைசியில் விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். பேப்பர்களைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது, "நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டார். மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

"துளசி விக்கிறேங்க. கோயில் வீதியில. நடைபாதையில."

அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. மகள் காலையில் எழுந்ததும் போனைப் பார்க்கிறாள். நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போகிறேன். வளையல்காரி எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். வேன் சத்தம் கேட்டால் கை கூடையைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.