எங்கள் வீட்டு விமான நிலையம்

என் அம்மாவுக்குப் பயணம் என்றாலே பயம் என்று காரைக்குடியில் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று பக்கத்தில் இருந்தவள் நான்.

மலேசியாவில் வேலை பார்த்த என் அப்பா, நான் அத்தா என்று கூப்பிடுபவர், எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியபோது எனக்கு ஏழு வயது. அம்மா அதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். காதில் பஞ்சு வை, வயிறு முட்டச் சாப்பிடாதே, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இரு. அத்தாவின் அண்ணனான பெரியத்தா ஒரு படி மேலே போனார். பலமுறை போய்வந்தவர் அவர். டென்ஷன் இல்லாமல் போக ஒத்திகை வேண்டும் என்று, தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடித்து வந்து கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். குடியேற்ற அதிகாரியாக அவரே உட்கார்ந்து, பெயர் என்ன, எங்கே போகிறாய் என்று அம்மாவை அதட்டுவார். சரியாகச் சொன்னாலும், குரல் நடுங்குகிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார். கடலை மிட்டாய் கொடுக்கும் விமானப் பணிப்பெண் நான். எனக்குப் பரம சந்தோஷம்.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் மட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தன. அம்மா கேட்டபோதெல்லாம், பதற்றத்தில் தொலைத்துவிடுவாய், அதே விமானத்தில் வரும் அமராவதிபுதூர்க்காரரிடம் கொடுத்துவிடுகிறேன், நீ அவர் பின்னாலேயே போனால் போதும் என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒத்திகையில், பெரியத்தா மின்விசிறியைப் போட எழுந்தார். அம்மா நேராகப் போய் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க அங்குட்டு நில்லுங்க. எங்க போறீக? பாஸ்போர்ட்ட எடுங்க."

விளையாட்டுத்தானே என்று அவரும் சிரித்தபடி எடுத்து நீட்டினார். அம்மா பிரித்துப் படத்தைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள்.

"இதுல இருக்கிறது நீங்க இல்லையே, நான்தானே. இனிமே இது எங்கிட்டதான் இருக்கும்."

குரல் நடுங்கத்தான் செய்தது. இருந்தும் இரண்டையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பெரியத்தா நாற்காலிகளை அடுக்கினார். விளையாட்டைக் கெடுத்துவிட்டாளே என்று நான் அழுதேன்.

மறுநாள் திருச்சிக்குப் போன காரில் பெரியத்தா வரவில்லை. அம்மா வழி முழுக்க அந்தப் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடி வந்தாள். குமட்டுகிறது போல, பாவம் என்று என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவள் சிரித்தாளே தவிர வாங்கவில்லை. பையிலிருந்து கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?