ஏலத்துக்கு வந்த தோடு

புயல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அடித்தது. ஜேடர்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்ததோடு சரி. ஆனால் என் தையல் கடையில் காஜா எடுக்கும் பெண், நான்கு நாளாகத் தம்பியின் குரலைக் கேட்கவில்லை. அவள் அகதி முகாமில் இருப்பவள். ஒன்பது வயதில் அம்மாவோடு படகேறி வந்தாள். தம்பி அப்பாவோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே தங்கிவிட்டான்; அப்பா இப்போது இல்லை. மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போவதைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, ஆறு பட்டன் சட்டையில் ஒன்பது துளை போட்டு வைத்தாள். நான் கத்தினேன். கத்திய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும், கண் பின்னால் வரும்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் கோயில் நோம்பி முடிந்ததும் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தையும் வாழைத்தாரையும் மைக் வைத்து ஏலம் விடுவார்கள். ஐந்து ரூபாய்ப் பழம் வீம்பில் ஐயாயிரத்துக்குப் போகும். அதே மாதிரி ஒரு ஏலம் விட்டு, சேருகிற பணத்தை அந்த மலைத் தோட்டத்து ஜனங்களின் நிவாரணத்துக்கு அனுப்பலாம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். கோழி, வெல்லம், முட்டை அட்டை, இளம்பிள்ளைச் சேலை என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் தங்கத் தோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். என்னிடம் இரண்டு வருடம் காஜா எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. துளை மூடாமல் இருக்கக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"பயப்படாத அம்மிணி. இல்லாதவங்க குடுத்த பொருள எடுக்கறவங்க, அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துருவாங்க. அதுதான் நம்மூரு வழக்கம். பொழுது சாயறதுக்குள்ள உன் காதுக்கே வந்துரும்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நன்றியில் பேச்சு வரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கோயில் மைதானத்தில் ஏலம் தொடங்கியது. அவள் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். எங்கோ யாருடைய போன் அடித்தாலும் அவள் தோள் தூக்கிப்போட்டது.

தோடு வந்ததும் லாரிப் பட்டறைக்காரரும் கோழிப்பண்ணைக்காரரும் மோதினார்கள். இருவருக்கும் உள்ளாட்சித் தேர்தலிலிருந்தே ஆகாது. அதை நம்பித்தான் நான் நடுவில் புகுந்து ஏற்றிவிட்டேன். நான் ஆயிரம் ஏற்றினால் அவர்கள் இரண்டாயிரம் ஏற்றினார்கள். கோழிப்பண்ணைக்காரர் நாற்பதாயிரம் என்றார். இன்னும் ஒரு சுற்று வரும் என்ற தைரியத்தில் நான் நாற்பத்தோராயிரம் என்று கத்தினேன்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஒரு தரம்" என்றார் ஏலம் விடும் மைக்காரர். பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தரம்." கோழிப்பண்ணைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், படுபாவி. ஓவர்லாக் மிஷின் வாங்குவதற்கென்று பேங்கில் நான் போட்டு வைத்திருந்ததே நாற்பத்தைந்தாயிரம்தான். யாராவது வாயைத் திறங்களேன் என்று குலதெய்வத்தைக் கும்பிட்டேன். "மூணு தரம்!" தவளை தன் வாயால் கெட்டது. கூட்டத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் அலறல் கேட்டது. ஓடினேன். அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள். தம்பி உயிரோடிருந்தான். வீடு போய்விட்டது. பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறானாம்.

எனக்குப் போன உயிர் வந்தது. போன பணம் போகட்டும், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். மைக்காரர் விடுவாரா? "நம்ம தையல்கடை அக்கா, முகாம் சகோதரிக்கே தோட்டைத் திருப்பித் தர்றாங்க, எல்லாரும் கை தட்டுங்க!" மைதானமே தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் அழுகை நின்றுவிட்டது. தோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த மண்ணுல கால் வச்ச நாள்லருந்து வாங்கறதுதான். அரிசி, போர்வை, பாத்திரம், மாசப் பணம், எல்லாம் வரிசையில நின்னு வாங்கினேன். இன்னிக்குத்தான் என் தம்பிக்கு நான் ஒண்ணு குடுத்தேன். அதையும் எனக்கே நிவாரணமாக் குடுத்துட்டா எப்படிக்கா?"

இந்த ஊரில் என் வாயை அடைத்தவர்கள் அதுவரை யாரும் கிடையாது. காலையில் அவள் பேசாமல் நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தோட்டை மேசைமேல் வைத்தாள். "ஏனுங்ணா, மறுக்கா ஏலம் விடுங்க. எடுக்கறவங்க ஊட்டுக்குக் கொண்டுபோகோணும். அப்படின்னா மட்டும் கேளுங்க."

யாரும் தட்டவில்லை. மைக்காரர் மைக்கையே கீழே வைத்துவிட்டு வெறும் வாயால் ஏலம் கேட்டார். ஆளுக்கு ஆள் தரையைப் பார்த்தார்கள். அவள் இடத்தை விட்டு நகராமல் நின்றாள். எடுத்தால் கொண்டுபோக வேண்டும், ஏழையின் தோட்டைக் கொண்டுபோனவன் என்று ஊர் பேசும். அந்தப் பழிக்கு யார் துணிவார்கள்?

"நாப்பத்தோராயிரம்" என்றார் பட்டறைக்காரர். மூன்று தரம் சொல்லி முடித்ததும் தோட்டை எடுத்தார். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவள் தலையசைத்தாள். சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு, "வாரேன் சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர் போன பிறகு அவள் தரையில் உட்கார்ந்து, தம்பிக்குத் திரும்பப் போன் போட்டாள்.

"தம்பி, அக்கா காசு அனுப்பறேன்டா. யாரும் எனக்குக் குடுத்த காசு இல்ல. என் காசு."