மிச்சம் மண்டபத்தில் உறங்கப் பாடிய வாரம்

எல்லா ஒலிக்கும் முன்னே இருந்தவனும், எல்லா ஒலியும் சென்று ஒடுங்கும் இடமாக இருப்பவனுமாகிய இறைவனின் திருவடிகளை முதற்கண் வணங்கித் தொடங்குகிறேன்.

பாடுகிறவனுக்குக் கேட்போர் உறங்குவதைக் காட்டிலும் பெரிய அவமானம் இல்லை. ஆனால் கேட்போர் உறங்காவிட்டால்தான் அவமானம் என்றொரு தொழிலை நான் ஒரு வாரம் செய்து பார்த்தேன். கோயில் மண்டபத்திலோ கலியாண வீட்டிலோ உருகிப் பாடிக்கொண்டிருக்கையில், முன்வரிசைப் பெரியவர் ஒருவர் வாய் பிளந்து சாய்வதைக் கண்டு மனம் நொந்த அன்பர்களே, இது உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆசிரியத் தொழிலில் இளைப்பாறி இலண்டனுக்கு வந்து பத்தாண்டு கடந்திருந்தது; நகரின் தெற்கே மிச்சம் என்னும் ஊரில் குடியிருந்தோம். வெள்ளிதோறும் கோயிலில் பதிகம் பாடுவேன். அங்கே ஒருநாள் விழாப் பார்க்க வந்திருந்தார் மார்கரெட் என்னும் ஆங்கில அம்மையார். மூச்சுப் பயிற்சியும் உடலைத் தளர்த்தி இளைப்பாறும் பயிற்சியும் கற்பிப்பவர். எங்கள் வீட்டுக்கு அண்மையிலிருந்த பழைய மண்டபத்தில் கலைக்கும் உடல்நலத்துக்குமாக ஒரு வாரம் வகுப்புகள் நடத்தப்போவதாகவும், காலை வகுப்பில் மாணவர் படுத்திருக்கையில் நான் மெல்லப் பாடவேண்டும் என்றும் கேட்டார். என் வகுப்பு முடிந்ததும் அதே மண்டபத்தில் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரத்திலிருந்து வந்த ஆபினா என்ற பெண்மணி தம் நாட்டு ஆட்டமும் மேளமும் கற்பிப்பார் என்றும் சொன்னார். இசை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எழுந்து நின்று கேட்கும் பழக்கமுடைய எனக்கு, மறுக்க வாய் வரவில்லை.

வெள்ளைப் போர்வைகள்

திங்கட்கிழமை காலை மண்டபக் கதவைத் திறந்தவன் திகைத்து நின்றுவிட்டேன். இருபது பேர் மல்லாந்து நீட்டி நிமிர்ந்து கிடந்தனர். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு சிறு விளக்கு. ஒருவரும் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்கு இந்தக் காட்சி எதைச் சொல்லும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மார்கரெட் கையசைத்ததும், அறிவு தடுப்பதற்கு முன்னே நா தொடங்கிவிட்டது: செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கையில் பாடுகின்ற பாட்டு!

மூன்றாம் அடியில்தான் எனக்கே உறைத்தது. நடுவில் நிறுத்தினால் அதுவே பெரிய அபசகுனம். உள்ளூர மன்னிப்பு வேண்டிக்கொண்டு, இருபது பேருக்கும் நீண்ட ஆயுளைத் தந்தருளும்படி இறைவனிடம் தனித்தனியே முறையிட்டவாறு பாடி முடித்தேன். பிறகு மங்கலமான பதிகங்கள் நான்கைப் பாடிப் பரிகாரமும் செய்தேன். எல்லாரும் எழுந்து சோம்பல் முறித்தபின் மார்கரெட் கண்கள் பனிக்க என்னிடம் வந்தார்: “முதலில் பாடினீர்களே, அதற்கு இணையே இல்லை. நாளையும் எங்களுக்கு அதையே பாடுவீர்களா?”

வேலை முடிந்து வந்தவர்

செவ்வாய்க்கிழமை படுத்திருந்தோருள் தமிழ் முகம் ஒன்று தெரிந்தது. ஹவுன்ஸ்லோவிலிருந்து விமான நிலைய இரவு வேலைக்குப் போகின்ற சிவபாலன். எங்கள் கோயிலுக்கும் வருபவர். நான் சுருதி கூட்டுமுன்பே அவருடைய குறட்டை சுருதி சேர்ந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் என்னைக் கண்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“மாஸ்டர், கோவிக்காதையுங்கோ. கோயிலிலையும் உங்கடை பாட்டுக்கு எனக்கு நித்திரை வாறதுதான். ஆனா அங்கை மனிசி முழங்கையாலை இடிப்பா. இஞ்சை போர்வையும் தந்து, நல்லா நித்திரை கொண்டீங்களோ எண்டு வேறை கேக்கினம்!”

இடை சிறுத்த மேளம்

புதன்கிழமை என் வேலை முடிந்தும் நான் வீடு திரும்பவில்லை. ஆபினா தம் பையிலிருந்து ஒரு மேளத்தை எடுத்தார். இரு முகமும் அகன்று, இடை சிறுத்து, கயிறுகளால் இறுக்கியது. அக்குளில் இடுக்கி அழுத்த, ஓசை ஏறியும் இறங்கியும் பேசியது. என் கைகள் தாமாகவே குவிந்தன. ஆடும் பெருமானின் திருக்கரத்து உடுக்கையை, ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் அக்குளில் காண்பேன் என்று யார் நினைத்தார்? நான் கும்பிட்டதைக் கண்டு அவர் வியந்தார். காரணம் சொன்னேன். அக்ராவில் தம் தாயார் பெண்களின் பாட்டுக் குழுவொன்றை நடத்தியவர் என்றும், இம்மேளம் அவர் கொடுத்தது என்றும் அவர் சொன்னார்.

பிறகு மேளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். தாயார் இறந்து மூன்று வாரம். உடலைக் குளிரறையில் காத்து, உறவெல்லாம் கூடும் சனிக்கிழமையில் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். வரும் சனி காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தாயை வாசல் தாண்டும்வரை பாடி அனுப்பவேண்டியவள் மூத்த மகள். அந்த மூத்த மகளின் கடவுச்சீட்டோ, இந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமைக்கு நான்கு ஆண்டுகளாகக் காத்திருக்கும் விண்ணப்பத்தோடு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிறது. இங்கே பள்ளி செல்லும் மகள் ஒருத்தி இருக்கிறாள். வியாழனுக்குள் முடிவு செய்தால்தான் வெள்ளிக்கிழமை விமானத்தைப் பிடிக்கலாம். அவர் என்னையே பார்த்துக் கேட்டார்: “திங்கட்கிழமை நீங்கள் பாடியது இறந்தவர்களுக்கான பாட்டுத்தானே? கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். மற்றவர்கள் உறங்கினார்கள், எனக்குத் தெரிந்துவிட்டது.”

கண்ணாடிக்கு அப்பால்

வியாழக்கிழமை எங்கள் இரு வகுப்புகளும் முடிந்ததும் அவரோடு குரோய்டனுக்குப் போனேன். அந்த அலுவலகத்து நீண்ட வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்து பழகியவர் யாராவது உடன் இருந்தால் நல்லது என்றார். அவ்வகையில் என்னைவிடத் தகுதி வாய்ந்தவர் கிடைப்பது அரிது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளைஞன் மிகுந்த பொறுமையோடு விளக்கினான்: கடவுச்சீட்டை மீளப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். மீண்டும் வரமுடியும் என்று உறுதி கூற இயலாது. கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டு எழுதும் படிவத்தை நீட்டினான். ஆபினா பேனாவைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, “உங்கள் தாயார் இறந்தபோது நீங்கள் போனீர்களா?” என்றார்.

இல்லை. என் தாயார் யாழ்ப்பாணத்தில் கண் மூடிய நாளில் என் கடவுச்சீட்டும் இப்படித்தான் ஒரு கோப்பினுள் கிடந்தது. கடிதம் என் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. வாசகர்களே, நம்முள் இப்படித் தாயை அனுப்பி வைக்காதவர் எத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொல்லவேண்டுமா? அவரிடம் உள்ளதைச் சொன்னேன்: “நான் போகாதபடியால் என் பிள்ளைகள் இங்கே படித்து நிலைபெற்றார்கள், அதற்காக நான் வருந்தியதில்லை. போகவில்லையே என்று வருந்தாத நாளும் இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் பொய்யாகும்.” அவர் படிவத்தை எழுதாமலே நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மிச்சத்தில் பஸ்சிலிருந்து இறங்கும்போது சொன்னார்: “என் மகள் வளர்ந்தபின் ஒருநாள், ஏன் போகவில்லை என்று கேட்பாள். அன்றைக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.”

அடுப்பு மூட்டாத வீடு

இதை வீட்டில் சொன்னதும் என் மனைவி வேறொன்றும் கேட்கவில்லை. பெரிய பானையை இறக்கினார். இறந்து மூன்று வாரமாகிறதே, அவர்கள் சமைக்கத்தானே செய்வார்கள் என்று நான் நியாயம் பேசினேன். “பிரேதம் எடுக்குமட்டும் அது செத்தவீடுதான். செத்தவீட்டுப் பிள்ளை அடுப்பு மூட்டுறதோ? அவ எந்த ஊரெண்டால் எங்களுக்கென்ன? இஞ்சேருங்கோ, சட்டியைச் சரிச்சுப் பிடியாதேங்கோ, குழம்பு ஊத்துண்டிடும்!”

ஆக, வெள்ளிக்கிழமை மாலை சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சுமந்து ஆபினாவின் வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் கண்ணில் நீர் வழிய உண்டார்கள். அது துயரத்தாலோ உறைப்பாலோ என்று ஆராய்வது முறையன்று. சிறிது நேரம் இருந்துவிட்டு, நம் வழக்கப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து, திரும்பிப் பாராமல் நடந்தேன். இழவு வீட்டில் அப்படிச் சொன்னால் இன்னுமோர் இழவுக்கு வருவதாகப் பொருள்படுமல்லவா? ஆனால் அவர்கள் நாட்டிலோ, சொல்லாமல் எழுந்து போவது மனத்தாங்கலின் அடையாளமாம். நான் தெருமுனையை அடையுமுன் ஆபினா பின்னாலேயே ஓடிவந்துவிட்டார். மூச்சு வாங்க நின்று கேட்டார்: “அப்பா, நான் முழுவதும் சாப்பிட்டேனே! எதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறீர்கள்?”

வாசல் தாண்டும் வேளை

சனிக்கிழமை காலை பத்து மணி எங்கள் இளைப்பாறும் வகுப்பின் நேரம். மார்கரெட் எல்லாருக்கும் செய்தியைச் சொல்லி, விரும்பியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒருவரும் போகவில்லை. போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக அமர்ந்தார்கள். சிவபாலன் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வந்தவர், கண்ணைக் கூட மூடவில்லை. அலுவலக அறைத் தொலைபேசியைக் கம்பி எட்டும்வரை இழுத்துக் கதவடியில் வைத்தோம். அக்ராவில் இழவு வீட்டுக்கு அடுத்த கடையில் தொலைபேசி உண்டு. ஆபினாவின் தம்பி அதை வாசலுக்குக் கொண்டுவந்து பிடித்திருந்தான். இந்தப் பக்கம் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. ஆபினாவின் மேளத்துக்கும் வாய்க்கும் நடுவில் முழங்காலிட்டு, தொலைபேசியின் காதில் வைக்கும் வாங்கியை நீட்டிப் பிடித்தேன். அதன் வழியே நூறு பெண்களின் குரல், கடல் இரைவதுபோல் வந்தது.

ஆபினா அடித்துப் பாடத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் எது மகளின் சொல், எது தாயின் பெயர் என்பது விளங்கிற்று. இரண்டாம் சுற்றில் குரல் உடைந்தது. மேளம் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து இரைச்சலும் அடங்கியது. அப்போது வாங்கியில் ஒரு மூதாட்டியின் குரல் அதட்டலாகக் கேட்டது. ஆபினாவின் காதில் வைத்தேன். கேட்டார். அழுதுகொண்டே சிரித்துவிட்டார். மேளத்தை மறுபடியும் அக்குளில் இறுக்கியபடி எங்களுக்குச் சொன்னார்: “என் சின்னம்மா. ‘லண்டன் குளிரிலே உன் கை பிந்துகிறது, பெண்ணே, முதலிலிருந்து அடி. பெட்டியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நிற்கிறார்கள். நீ முடிக்கும்வரை உன் அம்மா வாசல் தாண்ட மாட்டாள்’ என்கிறாள்.”

ஆபினா முதலிலிருந்து அடித்துப் பாடி முடிக்கும்வரை, ஐந்து நாள் பாடுபட்டு நான் உறங்க வைத்த இருபது பேரும் எழுந்து நின்றதைப் பார்த்தபின், என் தொழிலை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இதைப் படித்த அனைவரும் தம்மைப் பெற்றவர் முகத்தை வேண்டும்போது காணப்பெற்று, நோயற்று நீடு வாழ்க.