ஓரகத்தியின் முதல் கொலை

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, துப்பறியும் நாவல் எழுதிப் பேர் வாங்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்?

வேங்கிக்காலில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எந்த விஷம் உடம்பில் எப்படித் தங்கும் என்று தேடித்தேடிப் படித்துத்தான் கொலைக்கதைக்கு வந்தேன். அவள் எப்படி வந்தாள்? என் கையெழுத்துப் பிரதியை போனில் டைப் அடித்துக் கொடுக்க வந்தாள். நானே கூப்பிட்டேன், என் புத்தியை என்ன சொல்ல!

அடித்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இந்த கம்பவுண்டர்தானே கொலைகாரன்? மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சுடுச்சு."

"நீ அடிக்கிற வேலைய மட்டும் பாரு," என்றேன். கொஞ்ச நாளில் அவளே ஒன்று எழுத ஆரம்பித்தாள்.

சென்னைப் பதிப்பாளர் ஒருவர், புதிதாக எழுதுகிறவர்களில் ஒரே ஒருவருடைய குற்ற நாவலைப் புத்தகமாகப் போடுவதாக அறிவித்தார். அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு இருக்கும் ஆசை. அனுப்பினேன். அவளும் அனுப்பினாள்.

கிரிவலம் வந்த பதிப்பாளர், பௌர்ணமிக் கூட்டம் வடிந்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் எங்களில் சிலரை வரவழைத்துப் பேசினார். எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் மருந்துக்கடைக்காரர், கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்கள் அவரை எழுத்தாளர் ஆக்கிவிட்டனவாம். இன்னொருவர் ரிட்டையர்டான ஏட்டு.

"ஸ்டேஷன்ல பாத்தது ஒண்ணுதாங்க," என்றார் ஏட்டு. "மொதல்ல வாயில வர்றதுதான் நெஜம். ரெண்டாவது சொல்றது யோசிச்சு சொல்றது."

நான் விஷங்களைப் பற்றி நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பேசினேன். பதிப்பாளர் தலையாட்டிக்கொண்டே டீயை ஊதினார். அடுத்து அவள் எழுந்தாள்.

"எனக்குப் படிப்பு கம்மிங்க. எங்க வீடு கூட்டுக்குடும்பம். யாரு என்ன வார்த்தை சொல்றாங்க, எத முழுங்குறாங்கனு கேட்டுக்கிட்டே இருப்பேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான், கைதட்டல். டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் பதிப்பாளர் அவளையே பார்த்தார். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் நாவலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்து படித்தேன். பெண்டாட்டியைக் காணோம் என்று ஒருவன் போலீசில் சொல்கிறான். கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை, சிரித்த முகமாக, 'போறேங்க' என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள் என்கிறான். அங்கேயே மாட்டிக்கொண்டான். திரும்பி வர நினைக்கிற எவள் 'போறேன்' என்பாள்? 'போயிட்டு வரேன்' என்றுதானே நம் வாயில் வரும்? அவள் கிளம்பவே இல்லை. கொன்றவனுக்குத்தான் அவள் வரமாட்டாள் என்று தெரியும்.

அடிப்பாவி! நான் விஷத்தைத் தேடி லேபெல்லாம் அலைந்தேன். இவள் வாசற்படியிலேயே ஆளைப் பிடித்துவிட்டாள். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

புத்தக வெளியீட்டுக்காக அவள் சென்னை கிளம்பினாள். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு வேலையாக ஓடினார்கள். என் கணவர் ஆட்டோ பிடித்து வந்தார். நான் லேபுக்குப் போக அவர் ஒருநாள்கூட ஆட்டோ பிடித்ததில்லை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீருக்குக் காரணம் இருக்கட்டும் என்றுதான்.

பட்டுப்புடவையும் பையுமாக அவள் கதவருகே வந்தாள்.

"அக்கா, போயிட்டு வரேன்."

"போ," என்றேன்.

அவள் நகரவில்லை. கத்தி என் கையில் அப்படியே நின்றது. நான் சொன்னது என்ன என்று அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. புறப்படுகிறவளைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, சண்டையில்கூட.

"ஐயோ, போயிட்டு வா. நல்லபடியா போயிட்டு வா," என்றேன் அவசரமாக.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"இது ரெண்டாவதா சொன்னது, அக்கா," என்றாள்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் போய் ஏறிக்கொண்டாள்.