நோகாத கால்

நாய்க்குட்டியை மாமாவுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், கொழும்பில் வேலைசெய்யும் என் கணவரிடம் போனில் சொன்னேன். மாமி செத்துப்போனபிறகு மனிசன் தனித்துப்போனார், அவருக்கு ஒரு துணை வேணும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மாமாவுக்குத் துணையாக இருந்து நான் களைத்துப்போயிருந்தேன். எனக்குப் பதிலாக ஏதாவது ஒன்று அவருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

மாமா என் கணவரின் தகப்பன். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகொன்றின் இயந்திர அறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, நெடுங்காலமாக இருக்கிறது. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் பாலையூற்று வீட்டில் நானும் அவரும்தான். காலையில் நான் பஸ் பிடித்து ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் அலுவலகத்துக்குப் போவேன். பின்னேரம் திரும்பும்போது விறாந்தைக் கதிரையில் இருந்து கேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கதை தொடங்கிவிடும். எல்லாம் இயந்திரக் கதை. எந்தப் பம்ப் எப்போது அடைத்துக்கொண்டது, நடுக்குடாவில் இயந்திரம் நின்றபோது கப்டன் என்ன சொல்லித் திட்டினார், இவர் என்ன செய்து அதை உயிர்ப்பித்தார். நான் "ஓம் மாமா, ஓம் மாமா" என்றபடியே குசினிக்குள் சமைக்கப் போய்விடுவேன். கதை விறாந்தையில் பாதியில் நின்றுபோகும். அது எனக்குக் கேட்கும். ஆனாலும் திரும்பிப் போகமாட்டேன்.

எங்கள் அலுவலகத்து ஜெனரேற்றர் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒருத்தி தன் சோற்றில் ஒரு பங்கைத் தாய்நாய்க்கு வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. நீங்களாவது ஒண்டைக் கொண்டுபோங்களேன்" என்றாள். மண்ணிறத்தில், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருந்த ஒன்றைப் பேப்பர்ப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். மாமா அதைக் கையில் வாங்கி, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "கள்ளப் பயல்" என்றார். அதற்குப்பிறகு வேறு பெயர் வைக்கவில்லை. கள்ளா என்று கூப்பிட்டால் வந்தது.

வந்த கொஞ்ச நாள் தூங்கித் தூங்கி இருந்தது. பிறகுதான் கடி தொடங்கியது. குட்டிநாயின் பல்லை ஊசி என்பார்கள், சும்மா சொல்வதில்லை. நான் தும்புத்தடியால் கூட்டினால் தும்புத்தடியைக் கடித்தது, அதை விடுவித்தால் குதிக்காலைக் கடித்தது. சேலைக் கரையில் தொங்கியது. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும் கையையே முதலில் கடித்துவிட்டுப் பிறகுதான் சோற்றைப் பார்த்தது. என் மணிக்கட்டுகள் இரண்டும் கீறல் கீறலாக இருந்ததைப் பார்த்து அலுவலகத்தில், "என்ன, ரோசாச் செடியோட சண்டையா?" என்று கேட்டார்கள்.

நானும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பழைய துவாய்த் துண்டை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் விறைக்க வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைச் சப்பிவிட்டு என்னிடமே வந்தது. கடித்தவுடன் குட்டிநாயைப் போலக் கீச்சிட்டுக் கத்தினால் விட்டுவிடும் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். கத்தினேன். அதற்கு இன்னும் உற்சாகம் வந்ததுதான் மிச்சம். ஒருநாள் அலுவலகத்துக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது சேலையைக் கிழித்துவிட்டது. செருப்பைக் கழற்றி அடித்தேன். அது கத்திக்கொண்டு மாமாவின் கதிரைக்குக் கீழே ஓடியது.

மாமா என்னைத் திட்டவில்லை. "பல்லு முளைக்கிற எரிச்சல், பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? நீங்கள் போங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

அன்றைக்குப் பிறகு குட்டி என்னைவிட்டு விலகி மாமாவோடு ஒட்டிக்கொண்டது. நான் வேலையால் வரும்போது அவர் கதிரையில் இருப்பார். அது அவருடைய காலடியில், அவர் உடுத்திருந்த சாரத்தின் மறைவில், சத்தம் போடாமல் கிடக்கும். கடி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். விறாந்தையில் யாரும் எனக்காகக் கதையோடு காத்திருக்கவுமில்லை. மாமா குனிந்து குட்டியோடுதான் கதைத்துக்கொண்டிருப்பார். நேராக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கால் நீட்டிப் படுத்து போனைப் பார்ப்பேன். அந்த வாரங்களில் எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

மாரி தொடங்கியிருந்த நேரம். ஒருநாள் மாமா, "பிள்ளை, டவுனுக்குப் போனா எனக்கு இரண்டு சோடி சொக்ஸ் வாங்கிக்கொண்டு வாறீங்களோ?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க ரப்பர்ச் செருப்போடு திரிந்த மனிசன். மழைக் குளிர் போலிருக்கிறது என்று நினைத்து, தடித்ததாகப் பார்த்து, கறுப்பு நிறத்தில் வாங்கிக் கொடுத்தேன். கறுப்பென்றால் ஊத்தை தெரியாது என்று சொல்லியே கொடுத்தேன்.

பிறகு வீட்டில் ஒரு கெட்ட மணம் வரத் தொடங்கியது. விறாந்தைப் பக்கம் போனால் மணக்கும். நான் நாய்க்குட்டியைத்தான் பிடித்தேன். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அது குளிரில் நடுங்கியது. மாமா விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொக்ஸ் போட்ட காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை. மழை விட்டு வெயில் எறித்தது. நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது குட்டி வாயில் எதையோ கவ்விக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தது. மாமாவின் கறுப்புச் சொக்ஸ். அவர் கதிரையில் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான் துரத்திப் பிடித்துப் பறித்தேன். கையில் பிசுபிசுத்தது. என் விரலைப் பார்த்தேன்: ரத்தமும் சீழும். பிறகு விறாந்தைக்கு ஓடினேன்.

வலது காலின் பெருவிரல் நுனியில் தோல் இல்லை. நகத்தின் ஒரு பக்கமும் இல்லை. சுற்றிவர வீங்கிக் கறுத்திருந்தது. நான் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மாமா விழித்தார். அவசரமாகக் காலைச் சாரத்துக்குள் இழுத்தார்.

"என்ன மாமா இது?"

"ஒண்டுமில்லை, பிள்ளை. சின்னப் புண்."

"இது கடிச்சதோ?"

அவர் முற்றத்தில் நின்ற குட்டியைப் பார்த்தார்.

"நோகேல்லையா மாமா?"

"அந்தக் காலிலை எனக்கு ஒண்டும் தெரியாது. கனகாலமாத் தெரியாது. சாரத்திலை ரத்தம் கண்டுதான் நானே பார்த்தனான்." சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொன்னா அதை அனுப்பிப்போடுவியள் எண்டுதான்" என்றார்.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் டொக்டர் ஒருத்தி புண்ணைக் கழுவிக்கொண்டே கேள்விகள் கேட்டாள். சீனி எவ்வளவு காலமாக? கால் விறைப்பு எப்போதிலிருந்து? நாய்க்குட்டிக்கு ஊசி போட்டதோ? போடவில்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டிருந்தேன். பிறகு, "வீட்டில ஐயாவின்ர காலை ஒவ்வொரு நாளும் பார்க்கிறது ஆர்?" என்று கேட்டாள்.

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. தாளில் எழுதுவதற்காகக் கேட்டாள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்: விரலிடுக்கைப் பாருங்கள், அடிப்பாதத்தைப் பாருங்கள், அவருக்கு நோகாது, நீங்கள்தான் பார்க்கவேண்டும். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். ஒருநாளும் பார்த்ததில்லை. மருமகள் மாமனாரின் காலைப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை என்று எனக்கு நானே ஒரு சாட்டு வைத்திருந்தேன். அவர் என்னைப் பெற்ற தகப்பனாக இருந்திருந்தால் அந்தச் சாட்டைச் சொல்லியிருப்பேனா?

"ஆரும் பார்க்கிறேல்லை" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

விரலைக் காப்பாற்ற முடியவில்லை. விசர்நாய்க்கடிக்குரிய ஊசியையும் போட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிட்டார்கள். என் கணவர் கொழும்பிலிருந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும், "முதல்லை அந்த நாயை எங்கையாவது விடவேணும்" என்றார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் கோபம் நாயின்மேல் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஈச்சிலம்பற்றில் அவருடைய ஒன்றுவிட்ட தமக்கை வீடு இருக்கிறது. வயலும் மாடும் நாய்களுமாக இருக்கும் வளவு. அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, விசர் பிடிக்கிறதா என்று குட்டியைக் கவனித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் கொழும்புக்குப் போனார்.

மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தார். நான் சோறு கொண்டுபோனபோது கேட்ட முதல் கேள்வி விரலைப் பற்றியதில்லை.

"கள்ளன் என்ன செய்யிறான்?"

"நல்லா இருக்கிறான் மாமா."

"சாப்பிடுறானோ?"

"ஓம், சாப்பிடுறான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்பிப்போடாதேங்கோ, பிள்ளை. அது பாவம். அவன் என்ரை விரலைச் சப்பேக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியாதுதான். ஆனா காலடியில ஒரு சூடு இருக்கிறது முழங்காலுக்கு மேலை தெரியும். ஆரோ பக்கத்தில இருக்கினம் எண்டு விளங்கும்." பிறகு, நான் ஏதோ கேட்டதுபோல, "நீங்களும் பாவம்தானே. நாள் முழுக்க வேலை செய்து களைச்சு வாறனீங்கள். உங்களோட எப்பிடி நான் நெடுகக் கதைச்சுக்கொண்டிருக்கிறது" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோற்றுப் பாத்திரத்தைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிக் குழாயடியில் போய் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "அப்பாவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மாமாவை வீட்டுக்கு விடுவதற்கு முதல்நாள் லீவு போட்டுவிட்டு மூதூர்ப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஈச்சிலம்பற்றில் இறங்கி வளவுக்குள் போனபோது குட்டி என்னைக் கவனிக்கவே இல்லை. வரம்பில் ஒரு பெரிய பெட்டை நாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி அதன் காதைக் கவ்வியது. பெரியது திரும்பி ஒரு உறுமல், அவ்வளவுதான். குட்டி உடனே விட்டுவிட்டு மல்லாந்து படுத்தது. எழும்பியது, மறுபடி கவ்வியது, இந்தமுறை மெதுவாக.

அந்தத் தமக்கை, என் மச்சாள், தேத்தண்ணியோடு வந்தாள். "முதல் நாளிலை எல்லாரையும் கடிச்சவன். அவள்தான் திருத்தினவள்" என்று பெட்டை நாயைக் காட்டினாள். "இஞ்சை விடுங்கோவன். சந்தோசமா நிக்கிறான்."

அவள் சொன்னது உண்மை. அதன் மயிர் மினுங்கியது. வயிறு நிறைந்திருந்தது. கூப்பிட்டேன். யோசித்து யோசித்து வந்தது. கையை நீட்டினேன். வாய்க்குள் வாங்கி, பல் படாமல் வைத்திருந்து, விட்டது. இதை இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் அதற்கு நல்லது என்று அந்த இடத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் தூக்கிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் முழு வழியும் முனகிக்கொண்டு வந்தது. கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்தபோதுதான் அடங்கியது. முதலில் ஒரு தாயிடமிருந்து எடுத்தேன். இப்போது இன்னொன்றிடமிருந்து. இரண்டு முறையும் என் பிழையைச் சரிக்கட்டத்தான்.

மறுநாள் மாமா ஓட்டோவால் இறங்கியபோது குட்டி துள்ளிக்கொண்டு போய், கட்டுப்போட்ட காலை மணந்து பார்த்து, தும்மியது. மாமா சிரித்தார். "மருந்து மணம் பிடிக்கேல்லை அவனுக்கு" என்றார். அது எங்கே போய்விட்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. சில நாள் கழித்து மச்சாள் போன் எடுத்து அவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் "வயலுக்குள்ள நிண்டவனாம்" என்று மட்டும் என்னிடம் சொல்லி, அதன் தலையைத் தடவினார்.

பால்பற்கள் விழுந்து, புதுப்பல் வந்து, கடி தானாகவே போய்விட்டது. விழுந்த பல்லொன்றை விறாந்தையில் கூட்டும்போது கண்டெடுத்தேன். அரிசி மணியளவுதான். பெருவிரல் இல்லாமல் நடப்பது மாமாவுக்குச் சிரமம். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். முன்பக்கம் அடைத்த செருப்பொன்று செய்து கொடுத்திருக்கிறார்கள்.

பின்னேரங்களில் வேலையால் வந்ததும் வெந்நீரும் துவாயும் எடுத்துக்கொண்டு கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறேன். முதல் நாள் மாமா காலை இழுத்துக்கொண்டு, "வேண்டாம், பிள்ளை, சரியில்லை" என்றார். முகம் சிவந்திருந்தது. நான் விடவில்லை. விரலிடுக்கு, குதி, அடிப்பாதம். அவருக்கு என் கை தெரிவதில்லை. அதனால் நான் எங்கே பார்க்கிறேன் என்பதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் மேலிருந்து கதை சொல்கிறார். அன்றைக்கு நடுக்குடாவில் நின்ற இயந்திரம் மறுபடி எப்படி வேலைசெய்தது என்ற கதையை இப்போதுதான் முடிவுவரை கேட்டேன். நல்ல கதை.

எல்லா நாளும் அப்படிக் கேட்கிறேன் என்று சொன்னால் பொய். கால் துடைத்து முடிந்ததும் என் கண் போனுக்குப் போகிறது. மாமா அதைக் காண்கிறார். கண்டதும் கதையைச் சுருக்கிக்கொண்டு, "சரி பிள்ளை, நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ" என்கிறார். நான் எழும்பிப் போகிறேன். குசினிக்குள் நிற்கையில், தண்ணீர் கொதிக்கும்வரைக்கும், அவர் நாயோடு கதைப்பது கேட்டுக்கொண்டிருக்கும்.