லூர்துமேரியின் அவரைப் பந்தல்

செடிக்கு மருந்து விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம், நோயாளி வாய் திறக்காது. ஒரு சங்கடம், கூட வருகிறவர் வாயை மூடமாட்டார். புதுச்சேரி நெல்லித்தோப்பில் வேப்பெண்ணெயும் புண்ணாக்கும் வைத்துக் கடை நடத்துகிறேன். மாடியில் நாலு பை மண்ணை வைத்துவிட்டு, காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து வயிறெரிகிற உங்களுக்கு லூர்துமேரியைச் சொன்னால் புரியும்.

ஒரு ஸ்பூன்

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறார். கருவடிக்குப்பத்தில் வாடகை வீடு. கணவர் இறந்த பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் மாடியில் ஒன்பது பைகளில் அவரை போட்டார். தினமும் கொடியோடுதான் பேச்சு. அந்தக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி மொய்த்துவிட்டது என்று என் கடைக்கு வந்தார்.

லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள் என்றேன். அரை பாட்டிலை ஊற்றி, உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். இலையெல்லாம் தீய்ந்துவிட்டது. ஏம்மா இப்படி என்று கத்தினேன்.

"புள்ளைக்கு சளி ஜாஸ்தியா இருந்தா தைலம் கொஞ்சம் கூடத் தேய்க்க மாட்டமாக்கா?"

எட்டாம் நாள்

கொடி தேறட்டும் என்று மீன் அமிலம் சொல்லிக் கொடுத்தேன். மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு ஒரு மாதம் மூடி வைத்தால் பழ வாசனை வரும். இவருக்கு எட்டாம் நாளே பொறுக்கவில்லை. திறந்து, வேரில் ஊற்றியும் விட்டார். தெருப் பூனைகள் அத்தனையும் மாடியேறின.

கீழ்வீட்டில் இருக்கிற ஓனர் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர். இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என் கடைக்கே வந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குள் வாடை போகாவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவாராம்.

"தோட்டம் வெச்சுக்கத்தான் மாடியக் குடுத்தேன் மதாம், மீன் மார்க்கெட் வெச்சுக்க இல்ல!"

ஊறுகாய் பாட்டில்

புதுத் துளிர் வந்தது, அசுவினியும் வந்தது. லூர்துமேரி போன் செய்தபோது கடையில் கூட்டம். ஊர்றதையெல்லாம் பொறுக்கி சோப்புத் தண்ணியில போடுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். உள்ளே கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த புழுக்கள். பொறிவண்டுக் குஞ்சுகள்! அசுவினியைத் தின்றே வளர்கிறவை. ஒன்று விடாமல் பிடித்திருக்கிறார். திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனைப் பிடிக்கச் சொன்னது நான்தான்.

நல்லவேளை, எல்லாம் உயிரோடு இருந்தன. ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரில் லூர்துமேரியையும் பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கொடியிலேயே விட்டோம். ஏன் தண்ணீரில் போடவில்லை என்று கேட்டேன்.

"மனசு வரலக்கா. எல்லாம் அவசர அவசரமா ஓடுதுங்க, அதுங்களுக்கும் வூடு வாசல்னு இருக்குமில்ல?"

மஞ்சள் பை

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு ஓனர் மறுபடி வந்தார். பந்தல் போய்விட்டது என்றே நினைத்தேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிடி அவரைக்காயை மேஜைமேல் வைத்தார். இரண்டில் ஓட்டை. முதல் பறிப்பை லூர்துமேரி அவருக்குத்தான் கொடுத்தாராம், மீன் வாடையும் போய்விட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை, என் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தல் இருக்கட்டும் மதாம். என் முருங்கையில கம்பளிப்பூச்சி. அந்தம்மாவே அடிச்சுத் தரேன்னு நிக்கிறாங்க, அதுக்குள்ள எனக்கு அளவ சொல்லிடுங்க!"

பூச்சிக்கு என்னிடம் ஏழெட்டு மருந்து இருக்கிறது. செடிமேல் வைக்கிற பாசத்தை ஒரு ஸ்பூனோடு நிறுத்தத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.