வீட்டில விடமாட்டா

எங்கள் திருகோணமலையில் கலியாணம் முடித்த ஆம்பிளை ஒருவன் "எனக்கு விருப்பமில்லை" என்று வாய் திறந்து சொன்னதை நான் கேட்டதில்லை. சங்கத்துக்குச் செயலாளராக இரு என்று கேட்டால், வீட்டில விடமாட்டா. விடியமுதல் கடலுக்கு வா என்றால், வீட்டில விடமாட்டா. இரண்டாவது போத்தல் திறக்கும் நேரம் எழும்பவேண்டும் என்றாலும் அதேதான். இந்தக் கணக்கில் ஊரிலுள்ள மனைவிமார் எல்லாரும் சிறைக்காவலர், புருசன்மார் எல்லாரும் கூட்டில் அடைபட்ட சிங்கங்கள். அந்த நேரம் அந்த மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். தான் ஒரு சிங்கத்தைத் தடுத்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

நானும் ஒரு சிங்கம்தான். என்ன, வலது தொடைக்குள் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு கம்பி வைத்த சிங்கம்.

துறைமுகத்துக்குப் போகிற றோட்டில் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் எனக்கு வேலை. ஆறு நாள் கடையில் வாய்கொடுத்துவிட்டு ஏழாம் நாள் ட்ரெயில் பைக்கில் ஏறி மண்ணுக்குள் போய்விடுவேன். ட்ரெயில் பைக் என்றால் உயரமான, கட்டை கட்டையாக ரயர் போட்ட, மணலோ சேறோ பற்றையோ பார்க்காமல் ஏறிப் போகிற சாமான். என்னுடையது பழசு. பட்டனை அமத்தினால் ஸ்டார்ட் ஆகும் சொகுசெல்லாம் அதற்குக் கிடையாது. வலது காலால் கிக் அடித்தால்தான் உயிர் வரும். கூட வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கும் வாத்தியார், மற்றவன் கிண்ணியாவில் மீன் லொறி வைத்திருக்கும் கூட்டாளி. மூன்று பேருமே நாற்பதைத் தாண்டியவர்கள். புத்தி மட்டும் எங்களோடு சேர்ந்து வளரவில்லை.

கட்டைபறிச்சான் பக்கம் வயல் அறுத்து முடிந்த காலத்தில், வற்றிக் கிடந்த குளத்தின் அணைக்கட்டில் ஏறி மற்றப் பக்கம் பாய்வதென்று முடிவாயிற்று. யாருடைய முடிவு என்று கேட்காதீர்கள். கூட்டாளி கீழே நின்று போனில் வீடியோ எடுத்தான். நான் பறந்தது அதில் இல்லை, அவனுடைய பெருவிரல்தான் இருக்கிறது. விழுந்தது மட்டும் சத்தத்தோடு தெளிவாக இருக்கிறது. பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் வலது கால் எங்கள் இரண்டு பேரோடும் கோபம் போட்டதுபோல வேறொரு பக்கம் கிடந்தது. வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் என்னைத் தூக்கிப் போட்டு மூதூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து அம்புலன்ஸ். பாலங்களைக் கடக்கும்போது ஒவ்வொரு பொருத்தும் என் தொடைக்குள் இடித்தது. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பைக்குக்குப் பெரிசா ஒண்டுமில்லை, ஹாண்டில் மட்டும் கொஞ்சம் வளைஞ்சிட்டுது" என்று ஆறுதல் சொன்னார். எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது நான் முதலில் கேட்டது மனைவியையா, தண்ணீரையா என்று பிறகு அவளிடமே விசாரித்தேன். "ரெண்டுமில்லை. எஞ்சின் இறுகிப்போகும், கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொன்னனீங்கள்" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை.

டொக்டர் வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்பு பொருந்தும். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், சைக்கிளும் ஓடலாம். ஆனா இன்னொருக்கா விழுந்து இதே கால் முறிஞ்சா உள்ளுக்க கம்பியும் வளையும். அதை வெளியில எடுக்கிறது லேசில்லை. அதுக்குப் பிறகு கால் காலா இருக்குமெண்டு நான் சொல்லமாட்டன்." பிறகு பைக்கைப் பற்றிக் கேட்டேன். "அது உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பைக் ஓடாதே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் ஆயுள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். ஆளுக்கொரு சத்துமா பேணி, ஆளுக்கொரு சாவுக் கதை. நிலாவெளி றோட்டில் மாட்டோடு மோதியவர், இப்படித்தான் கம்பி வைத்துப் பிறகு புழுத்துப்போன கால், கலியாணத்துக்கு முதல்நாள் விழுந்த மாப்பிள்ளை. என்னைத் தைரியப்படுத்தத்தான் சொன்னார்கள். சொல்லி முடித்து பிளேன்ரீயும் குடித்துவிட்டு, போகிறபோது தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் பைக்கைச் செத்தவீட்டில் பிரேதத்தைப் பார்ப்பதுபோல ஒருதரம் பார்த்துவிட்டுப் போவார்கள். என் மனைவியின் தமையன் ஒருபடி மேலே போய், அதை வாங்க ஆளும் பிடித்துக்கொண்டு வந்தார். "மச்சான், சனியனைத் தள்ளிவிடுவம்" என்றார். நான் கண்ணை மூடி நித்திரை போலக் கிடந்தேன்.

மனைவி மட்டும் பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் குளிக்க வார்த்தாள், தாங்கி நடத்தினாள், பைக்கின் ஹாண்டிலில் என்னுடைய சாரத்தையும் தன்னுடைய சட்டைகளையும் காயப்போட்டாள். அவளுடைய மௌனம் எனக்கு வசதியாக இருந்தது. எப்ப திரும்ப ஓடுறது என்று கூட்டாளிமார் போனில் கேட்டபோதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "வீட்டில விடமாட்டா மச்சான்" என்றேன். அவர்களும் பெருமூச்சு விட்டார்கள்.

உண்மையில் எனக்கு அந்த ஓட்டம் வேண்டும். புல்மோட்டைப் பக்கத்து மணலில், பனை வடலிகளுக்கு நடுவே, இருக்கையை விட்டு எழும்பி நின்று மூன்றாம் கியரில் போகும்போது உலகத்தில் ஒருவராலும் என்னிடம் வந்து வோட்டர் பம்ப் இருக்கா என்று கேட்க ஏலாது. என் சீவியத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை விடுவதென்றால் அழுகை வரும். ஓடுவதென்றால் பயம் வரும். இரண்டையும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஊன்றுகோல் இல்லாமல் கட்டிலிலிருந்து குசினி வரைக்கும் நான் முதன்முதல் நடந்த அன்று, மனைவி அகப்பையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "நேர்த்தி ஒண்டு வச்சனான்."

"என்ன நேர்த்தி?"

"தூக்குக்காவடி."

"ஆர் எடுக்கிறது?"

"நீங்கள்தான்."

முதுகிலும் காலிலும் கொக்கிபோல வளைந்த இரும்பு முள்ளுக் குத்தி, கயிற்றில் ஆளைத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற காவடி அது. "ஒரு பால்செம்பு நேர்ந்திருக்கக் கூடாதே?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கிடந்த கிடைக்கு, பால்செம்புக்கு எழும்புற காலே அது? அந்தரத்தில போறது உங்களுக்குப் பழக்கம்தானே."

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பைக் ஓடலாமா எண்டு திரும்பவும் கேப்பீங்கள் எண்டுதான் இருந்தன், தொங்கலாமா எண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்லை" என்றார். தன்னுடைய சின்னத் தங்கையின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வரலாமா என்றும் கேட்டார்.

அம்மன் கோயில் திருவிழா வந்தது. மீன் இறைச்சி விட்டு விரதம் இருந்தேன். முள்ளுக் குத்துபவர் என் கால்களைத் தடவிப் பார்த்து, "எதுக்குள்ள இரும்பு?" என்றார். வலது என்றேன். "அப்ப அதைத் துணியில கட்டித் தூக்குவம். இரும்பில இரும்பு பட்டா அம்மனுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்." உழவு இயந்திரத்தின் முன்னால் கட்டிய மரத்தில், முகம் நிலத்தைப் பார்த்தபடி என்னைத் தொங்கவிட்டார்கள். பைக்கில் ஏறாதே என்று ஒரு வருசமாக எனக்குப் புத்தி சொன்ன மனைவியின் தமையன்தான் கயிற்றை இழுத்துக் கட்டியவர். மிகவும் சந்தோசமாக இருந்தார்.

முள்ளு வலிக்கவில்லை என்றால் பொய், ஆனால் தாங்கலாம். தாங்க முடியாதது ஓட்டியவனைத்தான். ஒரு கை ஸ்ரேறிங்கில், மற்றக் கை வழியிலே தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கு. தண்ணிக் குழாய் போட வெட்டி மூடிய ஒரு இடத்தில் சில்லு இறங்கி ஏறியது. நான் ஒரு சாண் விழுந்து நின்றேன். அந்தச் சாணுக்குள் குளக்கட்டு வந்தது, காய்ந்த மண் முகத்துக்கு நேரே எழும்பி வந்தது. பயந்தேன். பிள்ளைபோலப் பயந்தேன். உடம்பு முழுக்க நடுங்க, துணியில் கிடந்த வலது கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது.

"உரு வந்திட்டுது" என்று யாரோ கத்த, சனம் அரோகரா சொல்லிக்கொண்டு நெருங்கி வந்தது. ஒரு அம்மா எனக்குக் கீழே கைகூப்பி நின்று, "தாயே, மகளின்ட விசயம் எப்ப சரிவரும்?" என்று கேட்டார். நான் ஓட்டுகிறவனுக்குக் கேட்கட்டும் என்று, "மெல்ல, மெல்ல" என்று கத்தினேன். அந்த அம்மா அழுதுகொண்டே தலையாட்டினார். கிண்ணியாக் கூட்டாளி சந்தியில் ஐஸ்கிறீமும் கையுமாக நின்று வீடியோ எடுத்தான். இந்த முறை நான் பறந்தது ஒழுங்காக விழுந்திருக்கிறது. மனைவி வேப்பிலையோடு பக்கத்தில் நடந்து வந்தாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது, அவள் மட்டும் ஆடுகிற காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மனைவி என் முதுகுக்குத் திருநீறும் மஞ்சளும் போட்டுவிட்டபோது கேட்டேன்.

"அம்மனிட்ட நேர்த்தி வைக்கேக்க, இந்தாள் இனிப் பைக்கில ஏறக்கூடாது எண்டும் கேட்டிருக்கலாமே?"

"கேக்கேல்ல."

"ஏன்?"

"ஏலாத காரியத்தைக் கேட்டு அம்மனை ஏன் சங்கடப்படுத்துவான்?"

அம்மனையே கைவிடச் செய்த ஆள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சில ஞாயிறுகள் கழித்து, காலையில் படலையடியில் இரண்டு பைக் வந்து நின்றன. வாத்தியாரும் கூட்டாளியும். "புல்மோட்டைப் பக்கம் போறம். மணல் இப்ப நல்லாக் கிடக்கு. வா" என்றான் கூட்டாளி. நான் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி குசினிப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தினேன்.

"விருப்பம்தான் மச்சான். வீட்டில விடமாட்டா."

தாழ்த்தியது போதவில்லை. மனைவி மாக் கையோடு வெளியே வந்தாள்.

"நான் எப்ப விடமாட்டன் எண்டு சொன்னனான்?"

வாத்தியார் தன் ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

"இல்லை, சொல்லுங்கோ. ஒரு நாளாவது சொன்னனானே?"

"இல்லை" என்றேன். "ஆனா இந்தக் காலால கிக் அடிக்க ஏலாதே." என் கூட்டுக்கு அடுத்த பூட்டு அது. நான் அதையும் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

அவள் போய் ஹாண்டிலில் கிடந்த உடுப்புகளை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டாள். திறப்பைப் போட்டுத் திருப்பினாள், சட்டையைச் சற்றே தூக்கிச் செருகினாள், கிக்கரை வெளியே இழுத்து முதலில் மெதுவாக ஒருதரம் அமத்திப் பார்த்தாள், பழகின ஆள் பார்ப்பதுபோல. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. முருங்கையில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளினிக்குக்கு நீங்கள் போற நாளில அடிக்கிறனான்" என்றாள். "இறுகிப்போகும் எண்டு சொன்னனீங்களெல்லோ. ஏறுங்கோ."

இனி ஒரு பூட்டும் இல்லை. ஏறினேன். அந்தப் புகை மணம், கைக்குள் ஏறும் அந்த நடுக்கம், எல்லாம் நான் விட்ட இடத்திலேயே இருந்தன. கிளச்சைப் பிடித்தேன். கூட்டாளி விசிலடித்தான். படலை திறந்து கிடந்தது, அதற்கு அங்காலே ஒழுங்கை, ஒழுங்கை முடிய றோட்டு, றோட்டு முடிய மணல். போகவேண்டும் என்று மனம் சொன்னது. வலது கால் ஆடத் தொடங்கியது. எஞ்சினின் ஆட்டம் என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இடது கால் சும்மாதான் நின்றது.

அவள் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்காக நான் அவளுக்குச் சாகும்வரை கடமைப்பட்டவன். மா ஒட்டிய கையை என் முழங்காலில் வைத்து அமத்திப் பிடித்தாள். மற்றக் கையால் திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

பிறகு படலையடிக்குத் திரும்பி, ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நான்தான் விடமாட்டன் எண்டனான். ஒரு நாளும் விடமாட்டன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

கூட்டாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கிக் அடித்தான். பாவம் மனுசன், மனுசிக்கு அடங்கினவன் என்று புல்மோட்டை போகும்வரைக்கும் என்னைப் பற்றிக் கதைத்திருப்பார்கள். இரண்டு பைக்கின் சத்தமும் சந்தி திரும்பிக் கேட்காமல் போகும்வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

"இறங்குங்கோ" என்றாள். "உடுப்புக் காயவேணும்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.